கொரண்டீன் தீவில் மிச்ச நாட்கள்

13-11-61, திங்கள்

விடியலிலிருந்து மழை. பின்கட்டுக் கூரை ஒழுகி இரண்டு கட்டு அரிசிச் சாக்கு நனைந்துபோனது. வெயில் வராமல் பிரித்துப் போடவும் முடியாது. பூசணம் பிடித்தால் கரிக்கடைக்காரன் தலையில்தான் கட்ட வேண்டும். அவனும் இப்போதெல்லாம் சாக்கை முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறான்.

செய்ய வேண்டியவை: கூரைக்கு ஆள். கொப்பரைக்காரருக்கு நாளைக்குள் சாக்கு. கோணி ஊசி, சணல் நூல். அமிர்தத்துக்கு மாத்திரை, காலுக்குத் தைலம்.

திலகாவுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்களாம். பல பேரைப் போய்க் கேட்க வேண்டும்: உலகத்திலேயே உங்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் எது, ஏன்? இதற்கு ஒரு கல்லூரி, அதற்கு ஒரு பஸ் பாஸ். காலையிலேயே மாடியிலிருந்து கடைக்கு இறங்கி, வந்தவர் போனவரையெல்லாம் நிறுத்திக் கேட்டாள். வியாபாரம் கெடுகிறது என்றேன். ஃபைவ் மினிட்ஸ்தான் அப்பா என்றாள்.

கேட்டவர்கள் சொன்னது:

கொப்பரைக்காரர்: தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோவிலில் காவடி இறக்கும் இடம். ஏன்? அங்கே அழுதால் என்னவென்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்த மனிதர் அழுவார் என்பதே எனக்குப் புதிது. பேரம் பேசும்போது கல்.

முனியம்மா (நம் கடையில் சாக்குத் தைப்பவள்): தேக்கா சந்தையில் மீன் பக்கம், மூடுகிற நேரம். மிச்ச மீன் மலிவு. ஏன் என்று தனியாகக் கேட்க வேண்டுமா என்றாள்.

லாரி டிரைவர்: கேலாங். ஏன் என்றதும் என் முகத்தைப் பார்த்தான். சாப்பாடு நல்லா இருக்கும் என்றான். அந்தப் பொம்பளைத் தெருவில் சாப்பாடாம்.

அடுத்த வீட்டுக் கனகரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க ஆபீஸ் கிளார்க்: அவருடைய மேசை. ஜன்னலோரம். ரிட்டயர் ஆனபிறகு அதில் யார் உட்காருவார்கள் என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லையாம்.

என்னையும் கேட்டாள். ஆற்றோரக் கிடங்கு, காலையில் கதவைத் திறக்கிற நேரம், உள்ளேயிருந்து வருகிற சணல் வாசனை என்றேன். ஏன்? அந்த நேரத்தில் அங்கே இருப்பதெல்லாம் என்னுடையது. பிறகுதான் ஆட்கள் வருவார்கள், கணக்கு வரும். எழுதிக்கொண்டாள்.

மாடிக்குப் போய் அம்மாவைக் கேட்டாள். பிறந்த ஊர் என்பாள், இல்லாவிட்டால் ஏதாவது கோவில் என்பாள் என்று நினைத்துக்கொண்டே நானும் பின்னால் போனேன். அமிர்தம் தலையணையில் சாய்ந்தபடி, யோசிக்கக்கூட இல்லை:

"கொரண்டீன் தீவு."

செயிண்ட் ஜான்ஸ் தீவைச் சொல்கிறாள். ஊரிலிருந்து கப்பலில் கீழ்த்தட்டில் வருகிறவர்களை, அம்மை கொள்ளைநோய்க்குப் பயந்து, நேரே நகரத்துக்குள் விட மாட்டார்கள். முதலில் அந்தத் தீவில் இறக்கி அடைத்து வைப்பார்கள். துணிமணியை ஆவியில் அவிப்பார்கள், நம்மை மருந்துத் தண்ணீரில் முக்குவார்கள். அங்கே இருந்துவிட்டு வந்தவர்களில் அதைச் சபிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. நானும் சபித்தவன்தான்.

திலகா சிரித்தாள். நானும் சிரித்தேன். அ. சிரிக்கவில்லை. போறதுக்குள்ள ஒரு தரம் அதைப் பார்க்கணும் என்றாள். எங்கே போவதற்குள் என்று யாரும் கேட்கவில்லை.

15-11, புதன்

தூறல். நனைந்த சாக்கு நாற ஆரம்பித்துவிட்டது.

டாக்டரம்மா வந்தார். இதயம் வீங்கிவிட்டது, நீர் இறங்கவில்லை. அ.வின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது, நிறைய நேரம் அப்படியே இருந்தது. படி இறங்கும்போது என்னிடம் மட்டும்: ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இதே மருந்துதான், வீட்டிலேயே இருக்கட்டும், ஆசைப்பட்டதைக் கொடுங்கள். அந்தக் குரல் எனக்குத் தெரியாததா. சரக்கு இனித் தேறாது என்று தரகர் மெதுவாகச் சொல்வாரே, அது.

ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றால் சுலபம்தான், ஆசைப்படுகிற பெண்ணாக இருந்தால். புடவை எடுத்துக் கொடுத்தால் திலகாவுக்கு ஆகட்டும் என்பாள். ஊருக்குப் போய்விட்டு வா என்றால் யார் இருக்கிறார்கள் என்பாள். இத்தனை வருடத்தில் வாய்விட்டுக் கேட்டது இந்தத் தீவு ஒன்றுதான்.

சரி, தீவுதானே. இந்தத் துறைமுகத்தில் எனக்குத் தெரியாத படகு இல்லை. சாயங்காலம் கனகரத்தினத்திடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன கதைக்கிறியள் முத்தையா. அங்க இப்ப அபின்காரரை வச்சு வைத்தியம் செய்யினம். சும்மா ஆக்களை விடமாட்டினம். பார்க்கப் போறதெண்டா உள்ளுக்கு இருக்கிறவரின்ர சொந்தக்காரரா இருக்கோணும்."

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். நல்ல மனிதர். விசாரிப்பார். விசாரித்து, முடியாது என்பதைச் சரியான இலக்கணத்தில் சொல்வார்.

அவருக்கு என் பழைய கதையைச் சொன்னேன். முப்பத்தேழில் அ. வந்தபோது, அடைத்து வைத்த கெடு முடியும் முன்பே அவளை நான் வெளியே எடுத்தது. எனக்கு அப்போது கடையே கிடையாது, தோளில் சாக்குக் கட்டு. சரக்கு போட்ட இடத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை, அவர் கையால் ஒரு சீட்டு வாங்கி அனுப்பினேன். கூட வந்தவர்களெல்லாம் உள்ளே இருக்க, என் பெண்டாட்டி மட்டும் படகில் வந்து இறங்கினாள். நான் செய்த முதல் பெரிய காரியம் அது. கல்யாண வீடுகளில் இதைச் சொல்லாமல் நான் இலையை விட்டு எழுந்ததில்லை. அப்போது வெளியே எடுத்தவனுக்கு இப்போது உள்ளே விட வழி தெரியாதா என்றேன். அது வேற காலம் என்றார்.

18-11, சனி

வெயில். சாக்கையெல்லாம் பிரித்து ரோட்டோரம் உலர்த்தினோம். போலீஸ்காரர் வந்தார், போனார்.

கனகரத்தினம் சொல்லிவிட்டார். ஏலாது. எழுதிப் போட்டாலும் ஏலாது, சீக்காளியைக் கூட்டிப்போக ஒருக்காலும் ஏலாது. சொந்தக்காரருக்கு மட்டும், அதுவும் குறித்த நாளில்.

அ.விடம் இதைச் சொன்னபோது மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"அதுக்கென்ன. நீங்க அபின் சாப்பிடுங்க. உங்களைப் புடிச்சு அங்க வைப்பாங்க. நான் பார்க்க வர்றேன்."

திலகா அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. அவளுடைய கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டாளாம். அம்மா சொன்னதை எழுதினாயா என்றேன். எழுதவில்லையாம், சார் நம்ப மாட்டார்.

கால் வீக்கம் முழங்கால் வரை.

21-11, செவ்வாய்

மறுபடி மழை. வாடைக் காற்று. கடல் நன்றாக இல்லை என்று கிடங்குப் பக்கம் பேச்சு.

தீவுக்கு அரிசி, காய்கறி எடுத்துப்போகிற சப்ளைக்காரர் நம்மிடம் சாக்கு வாங்குகிறவர். கோப்பிக்கடைக்குக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தேன். அவருடைய கூலியாட்கள் பெயர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டுமாம், படகிலிருந்து இறங்கும்போது ஒவ்வொருவராகச் சரிபார்ப்பார்களாம். நாற்காலியில் ஒரு பொம்பளையைத் தூக்கிப்போய் உருளைக்கிழங்கு என்று சொல்ல முடியுமா என்றார். கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கோப்பிக்கு அவரே காசு கொடுத்தார். அது நல்ல அடையாளம் இல்லை. காரியம் ஆகாதபோதுதான் எதிராளி காசு கொடுப்பான்.

திரும்பி வரும்போது திலகாவின் கேள்வி மண்டைக்குள். மனிதனுக்கு ஓர் இடம் ஏன் பிடிக்கிறது. அழகுக்காக இல்லை. சந்தையின் மீன் பக்கத்தில் என்ன அழகு. இந்த ஊரில் பார்க்க எவ்வளவோ இருக்கிறது, பூந்தோட்டம், கடற்கரை மைதானம், ராத்திரி விளக்கு போட்ட கேளிக்கைப் பூங்கா. எல்லாவற்றுக்கும் அ.வைக் கூட்டிப்போயிருக்கிறேன், ஒரு சீனப் புத்தாண்டு லீவில், ஒரே நாளில், லாரியில். எல்லாம் நல்லா இருக்கு என்றாள். சாக்கு விற்கிற கடையில் வாடிக்கையாளர் வாங்காமல் போகும்போது சொல்கிற நல்லா இருக்கு அது. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு என்னுடைய கடை பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். சொந்த வீடு வாங்கியபோது அது பிடிக்கும் என்று நினைத்தேன். அடைத்து வைத்த இடத்தைச் சொல்கிறாளே.

இரவுச் சாப்பாடு ரசம், அப்பளம். இறங்கவில்லை.

24-11, வெள்ளி

ஒரு வழி தோன்றியிருக்கிறது.

அந்தத் தீவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தீவு. நடுவில் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். அதில் மலாய்க்காரர் கம்பம் ஒன்று, சின்னக் கிராமம், மீன் பிடிக்கிறவர்கள், யார் போனாலும் ஏன் என்று கேட்பதில்லை. படகுக்காரர் பாக் மான் எனக்கு யுத்தத்துக்கு முந்தியே பழக்கம். மறுபக்கக் கரையில் இறக்கினால் நடுவில் மேடு மறைக்கும், நிஜத் தீவு கண்ணில் படாது. அதே மண், அதே தென்னை, அதே கடல். அவள் பார்த்தது சின்ன வயதில். கொட்டகை எங்கே என்று கேட்டால் இடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

திலகாவிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"அப்பா, திஸ் இஸ் சீட்டிங்லா. அம்மாகிட்டயா?"

ஏமாற்று இல்லை என்றேன். கேட்ட ரகம் இல்லாதபோது அதற்குச் சமமான ரகம் கொடுப்பது வியாபாரத்தில் உள்ளதுதான். வாங்குகிறவர் மனம் குளிர்ந்தால் யாருக்கு நஷ்டம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கூட வருகிறேன் என்றாள்.

டாக்டரம்மா கூடாது என்றார். பிறகு, உங்கள் இஷ்டம் என்றார்.

அ.விடம் பர்மிஷன் கிடைத்துவிட்டது என்றேன். என்னை நன்றாகப் பார்த்தாள். அரக்குப் புடவையை எடுத்து வைக்கச் சொன்னாள்.

26-11, ஞாயிறு

காலையில் மழை இல்லை. வானம் மட்டும் அழுக்குச் சாக்கு நிறம்.

கிளிஃபர்ட் பியர் படகுத்துறை வரை லாரியில், முன் சீட்டில். படியில் பாக் மானும் அவர் தம்பியும் நாற்காலியோடு தூக்கினார்கள். அ. ஒன்றும் சொல்லாமல் தூக்க விட்டாள். இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தாள், பல நாளைக்குப் பிறகு. படகில் திலகா குடை பிடித்தாள். பெரிய கப்பல்களுக்கு நடுவே போகும்போது அ. ஒவ்வொன்றின் பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் வந்த மாதிரி இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

இறங்கியாயிற்று. மணலில் தென்னை நிழலில் நாற்காலி. கம்பத்துப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் சுற்றி நின்று பார்த்துவிட்டுப் போயின. ஒரு மலாய் அம்மாள் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து, சாக்கிட் என்று என்னிடம் கேட்டாள். ஆமாம், சீக்கு என்றேன். அ. இளநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தாள். தயாராக வைத்திருந்த பேச்சை எடுத்துவிட்டேன்: கொட்டகையெல்லாம் இடித்துவிட்டார்கள், மரத்தை வெட்டிவிட்டார்கள், மனுஷனே மாறும்போது இடம் மாறாதா.

"மரத்தை வெட்டுவாங்க. கட்டடத்தை இடிப்பாங்க. கப்பல் நிக்கற இடத்தை எங்க கொண்டுபோவாங்க?" என்றாள். "அங்க ஒக்காந்தா நாங்க வந்த கப்பல் எதிர்க்க நிக்கும். அது திரும்பிப் போற வரைக்கும் பார்த்துட்டே இருந்தோம். இங்க வெறும் கடல்தான் இருக்கு."

காலில் ஒட்டிய மணலைத் தட்டினேன்.

"சரக்கு மாத்திட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. என்னைப் பிடித்துவிட்டதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது குரலில். திலகா என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்தாள்.

நிஜத் தீவு மேட்டுக்குப் பின்னால்தான் என்று ஒப்புக்கொண்டேன். வந்தது வந்தாச்சு, படகுலேருந்தாவது காட்டுங்க என்றாள். பாக் மானிடம் சொன்னேன். அவர் வானத்தைக் காட்டி, தா போலே, முடியாது என்றார், அந்தப் பக்கம் அலை, படகு சின்னது. கூடக் கொடுக்கிறேன் என்றேன். காசுக்காக இல்லை, அம்மாவுக்காகத்தான் மாட்டேன் என்கிறேன் என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

பாதி வழியில் மழை பிடித்தது. பின்னால் தண்ணீர்த் திரைக்குள் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. அதோ அதுதான் என்று கத்தினேன். அ. கண்ணை மூடியிருந்தாள். திறந்து பார்த்தாளா தெரியாது.

27-11, திங்கள்

அ.வுக்குக் காய்ச்சல். மூச்சு இரைப்பு. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூக்கம்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஊசி போட்டார். திலகா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் போகிறாள்.

கொப்பரைக்காரரின் அடுத்த ஆர்டர் அனுப்பியாயிற்று. கூரைக்காரன் வரவில்லை.

29-11, புதன்

காய்ச்சல் விட்டது. மத்தியானம் கடையை முனியம்மாவிடம் சொல்லிவிட்டு மேலே போனேன். அங்கே அப்படி என்னதான் இருந்தது என்று கேட்டேன். அவள் வந்து இருபத்துநாலு வருடம், இதை இன்றுதான் கேட்கிறேன்.

"ஒண்ணும் இல்ல. அதான்" என்றாள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, இடையில் மூச்சு வாங்கி, சொன்னாள். கழுத்தில் நம்பர் போட்ட ஒரு தகர வில்லை. காலையில் மணி அடித்ததும் வரிசை, நாக்கை நீட்டு, கையைக் காட்டு. அதோடு சரி. அப்புறம் பொழுது சாய்கிற வரைக்கும் வேலையே கிடையாது. சோறு எங்கோ வெந்து வந்தது. அவளோ அவள் அம்மாவோ வடிக்காத சோற்றை அங்கேதான் முதலில் சாப்பிட்டாளாம். அரிசி கெட்டதுதான், ருசியாக இருந்ததாம். பெயர் தெரியாத பெண்கள் ஒருத்திக்கொருத்தி தலைவாரி விட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். கடலில் இடுப்பு வரைக்கும் இறங்கி நின்றிருக்கிறாள். இருட்டின பிறகு தூரத்தில் பட்டணத்து விளக்கு தெரியும்.

"அதுல ஒரு விளக்குகிட்ட நீங்க இருக்கீங்கன்னு தெரியும். வரணும்னு அவசரமே இல்ல."

இதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஜெயில் மாதிரி இருந்திருக்குமே என்றேன்.

"ஜெயில்தான். யாரு இல்லைன்னா? அப்பா வீட்ல நான் மக. இங்க வந்தா பெண்டாட்டி, அம்மா, சாக்குக்காரம்மா. அங்க வெறும் நம்பரு. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

கீழே யாரோ பேரம் பேசுகிற சத்தம். முனியம்மா அதிகமாக விட்டுக்கொடுக்கிறாள், காதில் விழுகிறது, இறங்கிப்போகக் கால் வரவில்லை.

"இன்னும் நாள் இருந்துச்சு. எல்லாரும் இருந்தாங்க. என்னை மட்டும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒன் புருஷன் துரைகிட்ட சீட்டு வாங்கி அனுப்பியிருக்கார், கெளம்புன்னாங்க. குடுத்து வச்சவன்னு எல்லாப் பொம்பளைங்களும் சொன்னாங்க. நான் அழுதேன். சந்தோஷத்துல அழுவுறேன்னு நெனச்சுட்டாங்க. நீங்களுந்தான்."

உண்மை. படகுத்துறையில் அவள் முகம் வீங்கி இறங்கியதைக்கூட நான் கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன், என்னைப் பார்த்த சந்தோஷம் என்று. அப்போதெல்லாம் அவள் பக்கத்துப் பந்தியில் பரிமாறிக்கொண்டோ குழந்தையைத் தூக்கிக்கொண்டோ இருந்திருப்பாள்.

"எறங்குன அன்னிக்கே கோணி ஊசியைக் கையில குடுத்தீங்க. பெரிய ஆர்டரு, ஆள் பத்தலன்னீங்க. ஆள் வேணும்னுதானே சீக்கிரம் எடுத்தீங்க?"

பாதி உண்மை. ஆள் பற்றவில்லைதான். மீதிப் பாதி வேறு. அவள் கப்பல் வந்துவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சாயங்காலமானால் துறைமுகத்துச் சுவரில் போய் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். இதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் இன்னொரு மாற்றுச் சரக்கு என்று நினைப்பாள். சொல்லவில்லை.

நான் செய்தது தவறு என்றும் தோன்றவில்லை. எவன் செய்ய மாட்டான். பெண்டாட்டியை அடைத்து வைத்தால் எடுக்காமல் இருப்பானா. யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், எல்லாரும் என் பக்கம்தான் பேசுவார்கள். அதனால் என்ன பிரயோசனம்.

2-12, சனி

மழை, காற்று. பாக் மான் ஆள் அனுப்பி விசாரித்தார். கடல் இந்த மாதம் முழுக்க இப்படித்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கனகரத்தினமும் எதையோ எழுதிப் போட்டுப் பார்த்திருக்கிறார், எனக்குச் சொல்லாமல். பதில் பழையதுதான்.

தீவுக்குப் போக முடியாது. அது முடிந்த கதை. இங்கேயே முடிந்ததைச் செய்கிறேன்.

- முன் அறையில் அடுக்கியிருந்த சாக்குக் கட்டெல்லாம் கீழே. வீட்டைக் கழுவி விட்டாயிற்று. அ. கட்டில் ஜன்னலோரம்.
- சமையலுக்கு முனியம்மாவின் நாத்தனார். திலகாவும் அடுப்பங்கரைக்குப் போகக் கூடாது.
- பார்க்க வருகிறவர்கள் யாரும் மேலே ஏறக் கூடாது.

மூன்றாவதுதான் வம்பாகிவிட்டது. சாகக் கிடக்கிறவளைப் பார்க்க ஊரே ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் தூக்கிக்கொண்டு வருகிறது. என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு என்று கேட்டு அவள் வாயால் உறவைச் சொல்ல வைக்காமல் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. இன்று எல்லாரையும் படிக்குக் கீழேயே நிறுத்தினேன். என் ஒன்றுவிட்ட அண்ணி பழத்தைக் கடை மேசையில் வைத்துவிட்டு, பணம் வந்தால் கண்ணு தெரியாது என்றாள். கனகரத்தினம் வீட்டு அம்மாவுக்கும் மனத்தாங்கல். பெண்டாட்டியை அடைத்து வைத்திருக்கிறான் என்று பஃபலோ ரோடு முழுக்கப் பேச்சு என்று டிரைவர் வந்து சொன்னான். பேசட்டும். வைத்திருக்கிறேன்தான்.

சாயங்காலம் நாத்தனார் கொண்டுவந்த சோற்றை அ. ஒரு வாய் வைத்தாள். குழைந்துபோய், உப்பில்லாமல். ரொம்ப நேரம் மென்றாள்.

"கெட்ட சோறு" என்றாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள்.

திலகா இன்று என்னிடம் பேசினாள். உப்பு போட வேண்டாம் என்று அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். சொல் என்றேன்.

4-12, திங்கள்

மழை விட்டிருக்கிறது. தெருவில் வெயில், மாட்டுச்சாண வாசனை. கூரைக்காரன் கடைசியில் வந்தான்.

காலையில் டாக்டரம்மா. கையைப் பிடித்துப் பார்த்தார், காலைத் தொடவில்லை. நாளைக்கு வருவதாகச் சொல்லவில்லை. எப்போது வேண்டுமானாலும் ஆள் அனுப்புங்கள் என்றார்.

அ. உதடு நீலம். ஆனால் தெளிவாக இருந்தாள். திலகா தலைவாரி விட்டாள். முடிந்ததும் திலகாவைப் போகச் சொன்னாள். நான் கட்டிலருகே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரையும் உள்ளே விடவில்லை, இனியும் விட மாட்டேன் என்று சொன்னேன். ஜன்னல் திரையை இழுத்து விடட்டுமா, விசிறட்டுமா, காலை நீவி விடட்டுமா என்று கேட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களுந்தான்" என்றாள்.

முதலில் புரியாத மாதிரி இருந்தேன். புரிந்துவிட்டது, ஆனாலும் இருந்தேன். அவள் மறுபடி சொல்லவில்லை. சொல்கிறவள் இல்லை. முக்காலியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சாத்தும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுக்கிற சத்தம் கேட்டது.

அதிலிருந்து மாடிப்படியில். திலகா கஞ்சி எடுத்துப்போய் வைத்துவிட்டு உடனே திரும்பினாள். அம்மா சிரிச்ச மாதிரிதான் இருக்காங்க என்றாள். கடைக்குப் போகச் சொல்கிறாள் என்னை. போய் என்ன செய்வது. உள்ளே இருமல். பிறகு இல்லை. பிறகு மறுபடி.

இப்போதுதான் கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டேன், ஒரு தரம் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று. பதில் வர நேரமாயிற்று.

"இன்னும் நாள் இருக்கு."

இல்லை. அவளுக்கும் தெரியும். சரி என்றேன். கீழே கொப்பரைக்காரர் லாரி வந்து நிற்கிறது, ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும்.